போலந்துப் பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் மசூர்க்கா நடன இசை என்கிறார்களே, தாளம் போட்டால் ஏன் தடுமாறுகிறது?

தடுமாறுவது நீங்கள் மட்டும் அல்ல. மசூர்க்காவுக்கு மூன்று எண்ணிக்கைத் தாளம்தான், ஆனால் வால்ட்ஸ் நடன இசை போல அழுத்தம் எப்போதும் முதல் எண்ணில் விழாது. இரண்டிலோ மூன்றிலோ விழும். அதற்கு மேல் ஷோபான் வாசிக்கும்போது சில எண்களை நீட்டிவிடுவார். ஒருமுறை இசையமைப்பாளர் மேயர்பீர், இது இரண்டு எண்ணிக்கைதான் என்று அடித்துச் சொல்ல, மூன்றுதான் என்று ஷோபான் கோபத்தோடு வாதாடியிருக்கிறார்.

போலந்துக் கிராமங்களின் மசூர், வேகமான ஒபெரெக், நிதானமான குயாவியாக் ஆகிய ஆட்டங்கள்தான் இதன் வேர். ஓப்பஸ் 7 (படைப்பு எண் 7) தொகுப்பின் முதல் மசூர்க்காவைக் கேளுங்கள். நடுவில் இடது கை ஒரே இரு சுரங்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும், நம் சுருதிப்பெட்டி மாதிரி. கிராமத்துத் தோற்பை ஊதுகுழலின் ஒலி அது. எனக்கு அந்த இடம்தான் உயிர்.

அப்புறம், இந்த மசூர்க்காக்கள் ஆடுவதற்கு எழுதப்பட்டவையும் அல்ல. 1830-இல் வார்சாவை விட்டுக் கிளம்பிய ஷோபான் திரும்பிப் போகவே இல்லை. பாரிஸில் பெரிய மேடைகளைத் தவிர்த்து, வீட்டுக் கூடங்களில் சில நண்பர்களுக்கு நடுவே வாசிப்பதையே விரும்பினார். அவருக்குப் பிடித்த ப்ளேயல் பியானோவின் மென்மையான ஒலியும் அந்த அளவு அறைக்குத்தான் பொருந்தும். ஷோபான் எழுதிய இன்னொரு போலந்து நடன வகையான பொலொனைஸ் வேறு கதை: அது பிரபுக்களின் ஊர்வல நடனம், மிடுக்கானது. பதிவில் கேட்பதென்றால் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனிடம் தொடங்கலாம், ஒலியை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.