செல்விக்கு யார் வசனம் எழுதுவது?

அன்பின் அக்காவுக்கு,

கவிஞர் செல்வியின் வாழ்க்கையைக் கிராஃபிக் நாவலாக வரையத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஐந்து பக்கத்தை இணைத்திருக்கிறேன். கதை அவரைப் பிடித்துக்கொண்டு போகும் நாளில் தொடங்குகிறது. அவர் என்ன பேசினார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வசனத்தை நானே எழுதலாமா?

வாசகர், வவுனியா

அன்பின் தம்பி,

பக்கங்களைப் பார்த்தேன். கோடு உங்கள் கைக்கு வசப்பட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில்தான் இடறியது. செல்வி கையை உயர்த்தி முழங்குகிறார், பேச்சைக் காட்டும் பலூன் நிறைய வசனம். அது உங்கள் குரல், தம்பி. எழுதியதற்கும் பேசியதற்கும் ஒருத்தியைக் கொண்டுபோனார்கள். அவள் வாயில் நாம் வேறு சொல்லை வைக்க வேண்டாம். அவருடைய பலூனில் அவரே எழுதிய வரிகள் மட்டும் வரட்டும். மற்றவர்கள் எவ்வளவும் பேசட்டும்.

அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணம்’ கிடைத்தால் பாருங்கள். கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது, 2011இல் வந்தது. அதில் இதமான பேச்சுக்குப் பறவை வடிவப் பலூன், சாதித் திமிரில் பேசுகிறவனின் பலூனுக்குத் தேள் கொடுக்கு. அதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. பலூனுக்காக அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அவரைக் கொண்டுபோன 1991 ஆகஸ்ட் 30ஐப் பின்னுக்குத் தள்ளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த பிள்ளை, ‘தோழி’ இதழை நடத்தியவர். ஒத்திகையை வரையுங்கள், இரவை வரையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. அவ்வளவுதான் வெளிச்சம். பேப்பர்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. செய்தி கேட்க சைக்கிளை நிறுத்தி மிதியைச் சுற்ற வேண்டும், டைனமோவில்தான் றேடியோ பாடும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி இழுபடும், அப்பா ஏசுவார். உங்கள் படத்திலோ செல்வியின் அறையில் டியூப் லைட் எரிகிறது!

அப்புறம், சேமமடு. அவருடைய ஊரை முழுக்கப் பனையாக வரைந்திருக்கிறீர்கள். அது ஓமந்தைப் பக்கம்தானே, உங்களுக்கு எத்தனை தூரம்? சைக்கிளில் ஒருதரம் போய்க் குளக்கட்டில் இருந்துவிட்டு வாருங்கள். பாலை மரமும் முதிரை மரமும் நிற்கிற காட்டுப் பக்கம் அது.

இன்னொன்று. அவரைக் கொண்டுபோனவர்களை ‘ஆயுததாரிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோனது விடுதலைப் புலிகள். அப்படியே எழுதுங்கள். இங்கே சிலருக்குக் கோபம் வரும், எனக்கும் நாலு கடிதம் வரும். பரவாயில்லை. அவருக்கு 1992இல் பென் என்ற உலக எழுத்தாளர் அமைப்பு விருது கொடுத்ததற்கு அரைப் பக்கம் போதும்.

வீட்டாரிடம் கேட்டீர்களா? கேட்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு அடுத்த பக்கங்களை அனுப்புங்கள், டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு.

அன்புடன்,
அக்கா