குரோம் பட்டறை நிலத்தை ஃபூட்ஸ்டூட்ஸ் (குறைகளோடு, உள்ளது உள்ளபடி விற்பது) போட்டு விற்றுவிடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஜேக்கப்ஸ் பகுதியில் அப்பா விட்டுச்சென்ற பட்டறை நிலம் அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் குரோம் முலாம் பூசும் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். 2018-இல் காலி செய்தார்கள். தொட்டி கசிந்து மஞ்சள் தண்ணீர் தேங்குகிறது என்று அப்பா மூன்று கடிதம் எழுதியும் அவர்கள் மதிக்கவில்லை. அந்தக் கவலையிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் கேட்கிறார். அவர் எடுத்த மண் பரிசோதனையில் குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 31 மில்லிகிராம். “தொழிற்சாலை அளவுக்குள்தான் இருக்கிறது. விலையைக் குறைத்து ஃபூட்ஸ்டூட்ஸ் போட்டு முடிப்போம், ரிப்போர்ட் நமக்குள் இருக்கட்டும்” என்கிறார். அண்ணனுக்கு விற்றால் போதும். பழைய வாடகைதாரர் ஒரு தொகை தருகிறேன் என்கிறார். எனக்கோ அவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அப்பா பட்ட வேதனை புரிகிறது. ஆனால் வழக்கு அதைச் சுற்றி நிற்கவில்லை. அந்த ரிப்போர்ட் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது? அதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு கழிவு மேலாண்மைச் சட்டம், பிரிவு 36(5)-இன்படி, கணிசமாக மாசுபட்ட நிலத்தின் உரிமையாளர் அது தெரியவந்த உடனே அமைச்சருக்கும் மாகாண சுற்றுச்சூழல் பொறுப்பாளருக்கும் அறிவிக்க வேண்டும். இந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2014 மே 2-இல்தான். ஆனாலும் அதற்கு முன் சேர்ந்த மாசையும் அது பிடிக்கும் என்று பிரிவு 35 சொல்கிறது. கடமை உரிமையாளருடையது. அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

பில்டர் சொல்லும் தொழிற்சாலை அளவு உண்மைதான். குரோமியம்-6-க்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராம். ஆனால் அவர் கட்டப்போவது வீடு. சாதாரணக் குடியிருப்புக்கு அளவு 13. நிலத்தடி நீரைக் காக்க வேண்டிய இடத்தில் 6.5. ஜேக்கப்ஸ், மெர்பேங்க் பக்கம் மணற்பாங்கான மண்ணில் நீர்மட்டம் மேலேயே கிடக்கும், குரோமியம்-6 தண்ணீரோடு ஓடக்கூடியது. அதனால் உங்கள் 31-ஐ 6.5-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அதிகாரிகள் கேட்பார்கள். ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: மாதிரி எந்த ஆழத்தில் எடுத்தார்கள்? தொட்டி நின்ற குழிக்கும் தரை வடிகாலுக்கும் நேர் கீழே, நீர்மட்டம் வரை துளையிடாமல் அரை மீட்டரில் அள்ளியிருந்தால், அந்த 31 உங்கள் நிலத்தின் உச்ச அளவு என்று நம்பாதீர்கள்.

இனி ஃபூட்ஸ்டூட்ஸ். அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு. அரசை அது கட்டாது. இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள், விழும் விதமும் பெரும்பாலும் ஒன்றே. வாங்குவது இந்த ஒரே கட்டடத்துக்காகத் தொடங்கிய சின்ன கம்பெனி. “எல்லாப் பொறுப்பும் வாங்குபவருடையது” என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கார் நிறுத்தத்துக்கு அடித்தளம் தோண்டுவார்கள், குழியில் மஞ்சள் தண்ணீர் ஊறும், அதை பம்ப் வைத்து மழைநீர் வடிகாலில் விடுவார்கள். தோண்டிய மண்ணை வகைப்படுத்தாமல் லாரிக்காரரிடம் ஏற்றி அனுப்புவார்கள். அக்கம்பக்கத்தில் புகார் கிளம்பும், வேலை நிற்கும், கம்பெனி திவாலாகும். அதற்குப் பிறகு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்று அவர்கள் எழுதித் தந்த பொறுப்புறுதியில் கையெழுத்து இருக்கும், பணம் கொடுக்க ஆள் இருக்காது.

தேசிய சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், பிரிவு 28, செலவை வசூலிக்கக்கூடியவர்கள் பட்டியலில் மாசு நடந்த காலத்து உரிமையாளரையும் அவருக்குப் பின் உரிமை பெற்றவரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நிலத்தைக் கைமாற்றினால் கடமை தானே கழன்றுவிடாது என்பதை 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹார்மனி கோல்ட் என்ற சுரங்கக் கம்பெனியின் வழக்கில் சொல்லிவிட்டது. அது தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு. நிலம் கைமாறிய பிறகும் அந்தச் சுரங்கக் கம்பெனியை அது விடவில்லை. மேலும், மாசுபட்டது என்று வாங்குபவருக்குச் சொல்லாமல் நிலத்தை மாற்றிக் கொடுப்பதை கழிவு மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 40 தடுக்கிறது. ஏஜென்ட் வழியாக விற்றால், குறைகளை வெளிப்படுத்தும் கட்டாயப் படிவமும் உண்டு. அதில் “குறை ஏதும் தெரியாது” என்று போடும் கையெழுத்து, உங்களுக்கு எதிராக நீங்களே எழுதிக் கொடுக்கும் சாட்சி.

அப்பாவின் கடிதங்களைப் பெரிய ஆயுதமாக நினைக்கிறீர்கள். எனக்கு அவை பயமாக இருக்கின்றன. யார், என்ன செய்தார் என்பது உரிமையாளருக்கு அப்போதே தெரியும் என்பதை அவை நிரூபிக்கின்றன. 1969-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மூன்று ஆண்டுதான், அதுவும் தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. 2018-இல் காலி செய்தவர் மேல் இன்று வழக்குப் போட்டால் அவர் வக்கீல் முதலில் நீட்டுவது உங்கள் அப்பாவின் கடிதத்தைத்தான். தெரிந்தும் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அரசுத் தரப்பும் அதே தாளைக் காட்டிக் கேட்கலாம்.

அதனால் வாடகைதாரர் தரும் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்துக்காக அதை விடாதீர்கள். பணத்தோடு அவரிடம் இரண்டு வாங்குங்கள்: தொட்டி, வடிகால் இருந்த இடங்களின் வரைபடமும், வாங்கிய ரசாயனங்களின் பதிவுகளும். எங்கே துளையிடுவது என்பதை அவை சொல்லும், செலவு குறையும். அரசு அவரிடம் வசூலிப்பதை உங்கள் சமரசம் தடுக்காது; நீங்கள் தடுப்பதாக எழுதவும் கூடாது.

பில்டரை விரட்ட வேண்டாம். முதலில் நீங்களும் அண்ணனும் சேர்ந்து அறிவிப்பை அனுப்புங்கள். பிறகு உங்கள் செலவில் சுயேச்சையான நிபுணரை வைத்து முழு ஆய்வு செய்யுங்கள். ஆய்வகத்திடம் மொத்தக் குரோமியம் மட்டும் கேட்காதீர்கள், குரோமியம்-6-ஐத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். சுத்திகரிப்புக்கு எழுத்தில் மதிப்பீடு வந்த பிறகுதான் விலை பேச்சு. அந்த மதிப்பீட்டுத் தொகை கன்வேயன்சரின் (நிலப் பதிவு மாற்றத்தைக் கவனிக்கும் வக்கீல்) டிரஸ்ட் கணக்கில் நிற்கட்டும். வேலை முடிந்ததைச் சுற்றுச்சூழல் துறை எழுத்தில் ஏற்ற பின்பே வெளியே வரட்டும். ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாகவே போடுங்கள். அடித்தளம் தோண்டும்போது வரும் தண்ணீரும் மண்ணும் எங்கே போகும் என்பதும், மண்ணுக்கான பாதுகாப்பான அகற்றல் சான்றிதழ்களின் நகல் உங்களுக்கு வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். விலை இன்னும் இறங்கும், இறங்கட்டும்.

ரிப்போர்ட் வந்த மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். “நமக்குள் இருக்கட்டும்” என்று பில்டர் எழுதியிருந்தால், “அறிவிக்கிறோம்” என்று இந்த வாரமே எழுத்தில் பதில் போடுங்கள்.