டாக்டர், கவுன்சிலர் எல்லாம் இருக்கும்போது சக ஆதரவாளர் எதற்கு?

கேள்வி: குடியிலிருந்து மீண்ட என் தம்பியை ஒரு சிகிச்சை மையத்தில் சக ஆதரவாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். டாக்டரும் கவுன்சிலரும் இருக்கும் இடத்தில் இவனுக்கு என்ன வேலை? அனுப்பலாமா?

பதில்: நானும் குடியை விட்டவன்தான். இப்போது ஒரு போதை மீட்பு வார்டில் அதே வேலையில் இருக்கிறேன். பியர் சப்போர்ட் ஒர்க்கர் என்பார்கள்; அதே கஷ்டத்திலிருந்து மீண்டு வந்து, இப்போது அதில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கிறவர்.

முதலில், என்ன செய்யக் கூடாது என்பது. மருந்து பற்றி நாங்கள் வாயைத் திறப்பதில்லை. குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் தைரியம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சரி, எதற்குத்தான் நாங்கள்? நோயாளி உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்கு.

ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிற நாள். "இனிமே குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சத்தியமா தொட மாட்டேன் சார்." டாக்டர் போனதும் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "சம்பளம் வாங்குற அன்னிக்கு எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கடை இருக்கிற வழிதாண்ணே. இன்னொரு வழி சுத்து." அதற்கப்புறம்தான் அவர் மனம் திறந்து பேசினார். சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, வேலை முடிந்ததும் யார் வந்து கூட்டிப்போவது, ஆசை தலைக்கேறினால் எனக்கு எப்போது போன் செய்வது என்று எல்லாம் பேசி முடித்தோம். "அந்த வழியைக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படிண்ணே தோணிச்சு?" என்றார். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன் என்றேன்.

மனநல வார்டிலும் இதே கதைதான். யாரும் இல்லாதபோதும் காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால் மாத்திரையைக் கூட்டிவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. தனக்கும் கேட்கும் என்று சொல்கிற ஒருவர், "உங்களுக்கு எந்த நேரத்துல அதிகமா இருக்கு?" என்று இயல்பாகக் கேட்டால் பதில் வரும். டாக்டரிடமே இதைச் சொல்லிவிடலாம் என்கிற துணிவும் மெல்ல வரும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகள் பிரிவைக் கவனித்துக்கொண்ட புஸ்ஸேன், அங்கே நோயாளியாக வந்தவர். குணமானவர்களையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில்தான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்தது. அங்கே வழிகாட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நாங்கள் சம்பளமும் பயிற்சியும் வாங்கி, பொறுப்புக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறவர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் நடந்து 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மனநல நெருக்கடியிலிருந்து வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மீட்புக்கான பயிற்சிப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார்கள். மற்றவர்களுடன் சக ஆதரவாளர் உட்கார்ந்து அதே புத்தகத்தில் உள்ள பயிற்சிகளைச் செய்ய உதவினார். ஓராண்டுக்குள் மறுபடி நெருக்கடிச் சிகிச்சைக்குப் போனவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், இரண்டாவதில் 29. எல்லா ஆய்விலும் இவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை. சக ஆதரவாளரை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த இடம்தான். சில மையங்களில் எங்களைக் கதவு காக்கவும், ரிஜிஸ்டர் எழுதவும், யார் ஒளித்துக் குடித்தார்கள் என்று உளவு சொல்லவும் வைக்கிறார்கள். ஒருமுறை உளவு சொன்னால் போதும், அதற்கப்புறம் எங்களிடமும் "நல்லா இருக்கேன் சார்"தான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்படி ஒன்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். ஒளித்துச் செய்தால்தான் துரோகம்.

தம்பிக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகட்டும். அடுத்தவருக்குக் கைகொடுப்பது தன்னையும் தாங்கிப்பிடிக்கும், என்னைத் தாங்கியது. ஆனால் தினமும் தன் பழைய காயத்தைப் பிறர் வாயால் கேட்க வேண்டியிருக்கும். அதனால் சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். மனம் கனத்துப்போகும் நாளில் அவன் யாரிடம் பேசுவது? தன் கதையில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவனே முடிவுசெய்ய விடுவார்களா? அவனுக்கே ஒரு சறுக்கல் வந்தால் என்ன செய்வார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடுப்பும் சிகிச்சையும் தந்து, தேறியதும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றால் சேரட்டும். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றால் வேறு மையம் பார்க்கச் சொல்லுங்கள்.