எட்டாவது ஊதியக் குழு அரியர்ஸை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 36,200 ரூபாய். எட்டாவது ஊதியக் குழு 2026 ஜனவரி 1 முதல் அமலாகும், ஆணை எப்போது வந்தாலும் அந்த ஜனவரி 1-இலிருந்தே கணக்கிட்டு அரியர்ஸ் (நிலுவைத் தொகை) மொத்தமாகக் கைக்கு வரும், சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதை நம்பி வீட்டுக் கடனைக் கொஞ்சம் பெரிதாக வாங்கலாமா? - ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம். இன்று வரும் சம்பளத்துக்கு எவ்வளவு தவணை கட்ட முடியுமோ, கடன் அந்த அளவில் நிற்கட்டும். சம்பளம் உயராது என்பதால் இதைச் சொல்லவில்லை. உயரும்தான். ஆனால் எந்தத் தேதியிலிருந்து பணமாக உயரும் என்பதில்தான் நம் மாநிலத்தில் பலரும் ஏமாந்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று: ‘எட்டாவது’ என்பது மத்திய அரசின் எண்ணிக்கை. அந்தக் குழு மத்திய அரசு ஊழியர்களுக்கானது. 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அக்டோபர் இறுதியில்தான் ஆய்வு வரம்புகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் குழுவுக்கு அறிக்கை தர 18 மாத அவகாசம் இருக்கிறது. அந்த அறிக்கை தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. நமக்கென்று 1960, 1970, 1978, 1984 என்று தனி ஊதியக் குழுக்களும் தனிச் சம்பள விகிதங்களும் இருந்தன. 1988 ஜூன் 1 முதல்தான் மத்திய அரசுக்கு இணையான விகிதம் வந்தது. அதற்கப்புறம் டெல்லியில் அறிக்கை வரும், இங்கே ஓர் அலுவலர் குழு அதைப் பார்க்கும், பிறகு நிதித்துறை அரசாணை போடும் என்று ஆகிவிட்டது. எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. கேரளம் இன்றும் தன் சொந்தக் குழுவை வைத்தே சம்பளத்தைத் திருத்துகிறது.

இனி உங்கள் அரியர்ஸுக்கு வருவோம். ஊதியத் திருத்த ஆணை எதுவாக இருந்தாலும் அதில் மூன்று தேதிகளைத் தேடுங்கள்: கருத்தியலாக அமலாகும் தேதி, பணப்பயன் தொடங்கும் தேதி, ஆணை வெளியான தேதி. முதல் தேதியில் சம்பளம் காகிதத்தில் உயரும். இரண்டாவது தேதியிலிருந்துதான் பணம்.

ஆறாவது ஊதியக் குழுவில் கருத்தியல் தேதி 1.1.2006. பணப்பயன் 1.1.2007 முதல். அரசாணை எண் 234 வெளியானது 1.6.2009. ஆக, 2006ஆம் ஆண்டு முழுவதற்கும் அரியர்ஸ் கிடையாது. அதற்குப் பிந்தைய நிலுவையும் மூன்று தவணைகளாகத்தான் வந்தது. ஏழாவதில் நிலைமை இன்னும் மோசம். மத்திய அரசு 2016 ஜூலையிலேயே தன் ஊழியர்களுக்கு அறிவித்துவிட்டது. இங்கே அரசாணை எண் 303 வந்தது 11.10.2017 அன்று. கருத்தியல் தேதி 1.1.2016, பணப்பயன் 1.10.2017 முதல். இடைப்பட்ட 21 மாதங்களுக்கு ஒரு ரூபாய்கூட அரியர்ஸ் இல்லை. இரண்டு முறையும் இப்படி நடந்திருக்கும்போது, மூன்றாவது முறை முதல் நாளிலிருந்தே பணம் வரும் என்று வங்கியில் போய்க் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது அந்த ‘இரண்டு மடங்கு’. காரணியை, அதாவது பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கிப் புதியதைக் கணக்கிடும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏழாவதில் காரணி 2.57. அதற்காகச் சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிவிடவில்லை. 2016 ஜனவரி 1 அன்று அகவிலைப்படி 125 சதவீதம். அதாவது 100 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர் ஏற்கெனவே 225 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அது 257 ஆனது. உயர்வு சுமார் 14 சதவீதம். அகவிலைப்படி அன்றே பூஜ்யத்துக்குத் திரும்பியது.

ஆறாவதில் இது இன்னும் வேடிக்கை. அப்போது வாங்கியது அடிப்படையோடு 50 சதவீத அகவிலை ஊதியம் (அடிப்படையோடு சேர்த்துவிட்ட அகவிலைப்படிப் பகுதி), அந்த இரண்டின் மேலும் 24 சதவீத அகவிலைப்படி. 1.5-ஐ 1.24-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.86 வரும். அன்றைய காரணியும் சரியாக 1.86தான். வாங்கிக்கொண்டிருந்த பணத்தையே புதுப் பெயரில் கொடுத்தார்கள். உண்மையான உயர்வு, அதன் மேல் சேர்த்த தர ஊதியத்தில்தான் (பதவியின் நிலைக்கேற்பக் கொடுத்த கூடுதல் தொகை, grade pay) இருந்தது.

உங்கள் கணக்கையே போடுவோம். 36,200 அடிப்படை, 2025 ஜூலை 1 முதலான 58 சதவீத அகவிலைப்படி 20,996. மொத்தம் 57,196. புதிய காரணி 2 என்று வைத்துக்கொள்வோம் (வெறும் கணக்குக்காக, இது என் கணிப்பு இல்லை). புதிய அடிப்படை 72,400. கூடுவது 15,204 ரூபாய், ஏறத்தாழ 27 சதவீதம். ஆணை வருவதற்குள் அகவிலைப்படி ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற அந்த 15,204 சுருங்கும். வீட்டு வாடகைப்படி தனிக் கணக்கு.

அகவிலைப்படியிலும் தாமதம் புதிதல்ல. கொரோனா காலத்தில் 17 சதவீதத்தில் நிறுத்தினார்கள். அது 31 ஆக உயர்ந்தது 2022 ஜனவரியில்தான். மத்திய அரசு ஊழியர்கள் அதே 31-ஐ 2021 ஜூலை முதல் கணக்கிட்டு வாங்கினார்கள். 34, 38 இரண்டும் இங்கே ஆறு மாதம் தள்ளி வந்தன. 42 சதவீதம் மூன்று மாதம் தள்ளி, 2023 ஏப்ரலிலிருந்து வந்தது. அதன் பிறகு மத்திய அரசின் தேதியை ஒட்டியே கொடுத்திருக்கிறார்கள்.

ஆணை வெளியாகும் தேதிக்கும் விலை உண்டு. இடைநிலை ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். ஆறாவது குழுவின் ஆணை 1.6.2009 அன்று வந்ததால், 31.5.2009 வரை பணியில் சேர்ந்தவருக்குப் பழைய 4,500 ரூபாயை 1.86-ஆல் பெருக்கி 8,370, அதோடு தர ஊதியம் 2,800. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200-உம் அதே 2,800-உம். ஒரே வேலை, ஒரே தகுதி. ஆனால் அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம். அடிப்படையில் குறைந்தால் அகவிலைப்படி, இன்கிரிமெண்ட் எல்லாவற்றிலும் குறையும். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருவது இதற்காகத்தான்.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. பணிப்பதிவேட்டை வாங்கி, 2017-இல் செய்த ஊதிய நிர்ணயத்தைச் சரிபாருங்கள். அப்போது பணியில் இருந்தவர்கள் புதிய விகிதத்துக்கு 1.1.2016 அன்றே வரலாம், அல்லது அடுத்த இன்கிரிமெண்ட், பதவி உயர்வு வரை பழைய விகிதத்தில் இருந்துவிட்டு வரலாம் என்று விருப்பம் தெரிவிக்க வாய்ப்பு இருந்தது. எந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தீர்கள், அது பதிவாகியிருக்கிறதா, பதவி உயர்வின்போது நிர்ணயித்த சம்பளம் சரியா என்று பாருங்கள். அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் காட்டும் அடிப்படையும் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த காரணி எதுவானாலும் இந்த எண்ணைத்தான் பெருக்கப்போகிறார்கள். தவறு இருந்தால் இப்போதே எழுத்தில் விண்ணப்பித்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடனை இன்றைய சம்பளத்துக்கு வாங்கிவிட்டு, உயர்வு பணமாக வரத் தொடங்கிய மாதத்திலிருந்து தவணையைக் கூட்டிக் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இருக்காது. இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் வங்கியில் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.