விபத்தில் தாயை இழந்த சிறுவனுக்கு நம் பிள்ளைகள் கையால் ஏதாவது செய்து கொடுப்பது ஆறுதல் தருமா?

நிச்சயமாகத் தரும். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்பது செய்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் நான் கண்ணால் கண்டதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் எங்கள் மாணவி ஒருத்தியின் அத்தை இறந்துபோனார். அவருடைய மகன் சிறு பையன். அவனுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகளே கேட்டதால், பனங்குருத்தோலையில் கிலுகிலுப்பை முடையச் சொல்லிக்கொடுத்தேன். ஓலையை நனைத்து, ஈரம் காய்வதற்குள் மடித்து, உள்ளே நாலைந்து புளியங்கொட்டைகளைப் போட்டு வாயை மூட வேண்டும். அவசரப்பட்டால் ஓலை கிழிந்துவிடும். கூடவே வைப்பதற்கான அட்டையில் ஒரு பிள்ளை அழகாகக் குத்துவிளக்கு வரைந்திருந்தாள். அதைப் பார்த்த அந்த மாணவி, "தீ வேணாம்டி, அவன் பயந்துக்குவான்" என்றாள். உடனே சுடரின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதில் சிட்டுக்குருவி வரைந்தார்கள். பெரியவர்களான எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முகம் தெரியாத பலருக்கு மொத்தமாகச் செய்திருந்தால் இந்தக் கவனம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் ஊரில், 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். பிழைத்த பிள்ளைகள் ஜனவரியில் பக்கத்து ஊரிலிருந்த வேறொரு கட்டடத்துக்குப் படிக்கப் போனபோது, அந்த இடத்தை அலங்கரிப்பதற்காகக் காகிதத்தில் பனிப்பூக்கள் வெட்டி அனுப்பும்படி பெற்றோர் ஆசிரியர் அமைப்பு கேட்டுக்கொண்டது. உலகெங்கிலுமிருந்து அவை வந்து குவிந்ததில், இனி அனுப்ப வேண்டாம் என்று அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. அனுப்பியவர்களின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்றாலும் எத்தனை தேவை, யார் வாங்கி வைப்பார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

செய்கிற பிள்ளைக்கும் இதில் ஆறுதல் உண்டு. ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சால் ரத்தப் புற்றுநோய் கண்டு, 1955-இல் பன்னிரண்டு வயதில் இறந்த சடாகோ சசாகியின் வகுப்புத் தோழர்கள், தங்கள் துக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருக்காமல் நினைவுச் சின்னம் எழுப்ப நிதி திரட்டினார்கள். அது 1958-இல் திறக்கப்பட்டது. அங்கே வைப்பதற்காகப் பல நாட்டுப் பிள்ளைகள், மருத்துவமனையில் சடாகோ மடித்ததைப் போலவே, இன்றைக்கும் காகிதக் கொக்குகளை மடித்து அனுப்புகிறார்கள். எங்கள் வகுப்பிலும், அத்தை இறந்ததிலிருந்து வாய் திறக்காமல் இருந்த அந்த மாணவி, ஓலை முடைந்த அன்றுதான் அவரைப் பற்றித் தோழிகளிடம் தானாகப் பேசினாள்.

நீங்கள் கேட்டதற்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். அட்டையில் "கவலைப்படாதே", "அழாதே" என்றெல்லாம் எழுத வைக்காதீர்கள். தன் பெயரும் வகுப்பும், இதை எப்படிச் செய்தேன் என்று ஓரிரு வரியும் போதும். கருமாதி முடியும்வரை வீடு நிறைய உறவினர்கள் இருப்பார்கள். அதற்குப் பிறகு, அந்தப் பையன் பள்ளிக்குத் திரும்புகிற வாரத்தில், அவன் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை உடன் அழைத்துப்போய் நேரில் கொடுங்கள்.