மலர்க் கூடையும் நெற்கதிரும்

கேள்வி: நாங்கள் நாகர்கோவிலிலிருந்து பெங்களூருவில் குடியேறிய இந்துக் குடும்பம். அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியில் என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். செப்டம்பர் 8-ஆம் தேதிக்கு முந்தைய ஒன்பது நாளும் பூக்கள் கொண்டுவரச் சொன்னார்கள். விழாவன்று ஒரு நெற்கதிரைக் கொடுத்தனுப்பினார்கள். இவ்விழாவின் உட்பொருள் என்ன? மரியாவைத் தெய்வமாக வழிபடுகிறார்களா? அந்தக் கதிரை நாங்கள் என்ன செய்வது?

– வாசகி ஒருவர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் மகள் கலந்துகொண்டது அன்னை மரியாவின் பிறப்பு விழா. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கும் திருவிழாவும், சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தேர்ப்பவனியோடு நிறைவுறும் திருவிழாவும் இதே நாளை ஒட்டியவைதான். குழந்தைகள் பூத்தூவுவதும் கதிர் வழங்குவதும் மங்களூரு, உடுப்பிப் பகுதிக் கொங்கணிக் கத்தோலிக்கர்கள் 'மொந்தி' பண்டிகை என்று கொண்டாடும் முறை. அங்கிருந்து வந்தவர்கள் பெங்களூருவில் நிறைய இருப்பதால் இங்குள்ள பள்ளிகளிலும் அவ்வழக்கத்தைக் காணலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாகப் புனிதர்களின் இறந்த நாளையே, அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கருதி, விழாவாகக் கொண்டாடுகிறது. மண்ணில் பிறந்த நாளுக்கென்று வழிபாட்டு நாள்காட்டியில் விழா இருப்பது இயேசு, திருமுழுக்கு யோவான், மரியா ஆகிய மூவருக்கு மட்டுமே. ஆனால் மரியாவின் பிறப்பைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரிகூட இல்லை. பெற்றோராகச் சொல்லப்படும் சுவக்கின், அன்னா ஆகியோரின் பெயர்கள், விவிலியத்தில் சேர்க்கப்படாத இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றின் வழியே நமக்குக் கிடைத்தவை.

ஆகவே அன்றைய திருப்பலியில், அதாவது ஆலயப் பூசையில், வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம். ஆபிரகாமில் தொடங்கி மரியாவின் கணவர் யோசேப்பு வரை வரும் அந்தத் தலைமுறைப் பட்டியல், மேலோட்டமாகக் கேட்பவர்களுக்கு வெறும் பெயர் அடுக்காகவே தோன்றும். ஆனால் மரியாவுக்கு முன்பாக அதில் நான்கு பெண்கள் இடம்பெறுகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. இராகாபு எரிகோ நகரில் விலைமகளாக வாழ்ந்தவள். ரூத்து மோவாபு நாட்டிலிருந்து வந்த கைம்பெண்; அறுவடைக்காரர்கள் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்கித் தன் மாமியாரைக் காப்பாற்றியவள். இப்படி வேற்றினத்தவரையும் ஊரார் ஒதுக்கியவர்களையும் சேர்த்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக, யாருக்கும் தெரியாமல் இறைவன் செய்துவந்த ஆயத்தம் ஒரு பெண் குழந்தையின் பிறப்பில் வெளிப்பட்டது என்பதே இவ்விழாவின் உட்பொருள்.

அந்தக் குழந்தை அப்போது எதையும் சாதித்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்திய ஒரு சிறிய சுரூபத்தின் (சிலையின்) மேல் சிறுமிகள் கை நிறையப் பூவிதழ்களை அள்ளித் தூவுகிறார்கள். பெண் பிறந்தது என்றால் முகம் வாடும் வீடுகள் இன்னமும் இருக்கிற நம் நாட்டில், ஒரு பெண் குழந்தை பிறந்ததற்காகவே ஒன்பது நாள் மகிழ்ந்திருப்பதைப் பள்ளிச் சிறுமிகள் தங்கள் கையாலேயே செய்து பழகுவது மிகவும் நல்லது என்றே நான் கருதுகிறேன்.

மரியாவைத் தெய்வமாக வழிபடுவதில்லை. ஆராதனை இறைவனுக்கே உரியது என்பதையும், மரியாவுக்குச் செலுத்தும் வணக்கம் அதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது என்பதையும் 1964-இல், உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. கத்தோலிக்கர்கள் அவரிடம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் மன்றாடுகிறார்கள்.

கதிரைப் பொறுத்தவரை நீங்கள் தயங்க வேண்டியதில்லை. விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் வைத்து இறைவன் முன் கொண்டுசெல்லுமாறு விவிலியத்தின் இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த நன்றியறிதலின் தொடர்ச்சியே இது. மங்களூருக் கத்தோலிக்கர் வீடுகளில் ஆலயத்தில் ஆசீர்வதிக்கப்பட்ட கதிரிலிருந்து சில மணிகளை உரித்துப் பாலிலோ பாயசத்திலோ கலந்து, குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்து உண்டபின், வாழையிலையில் சைவ உணவு பரிமாறுவார்கள். ஆடி மாதத்தில் குமரி மாவட்டக் கோயில்களில் புது நெற்கதிர்களைப் படைத்து வழங்கும் நிறைபுத்தரிசி உங்களுக்குப் பழக்கமானதுதானே? அந்தக் கதிரை எவ்வளவு மதிப்போடு வீட்டில் வைப்பீர்களோ, அவ்வாறே இதையும் வைக்கலாம். மணிகளை உரித்து உண்ணவும் செய்யலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும் அவரது இசைவின்றி, சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, அங்கு நடைபெறும் சமய வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு கூறுகிறது. பூ கேட்கும்போதே விழாவின் பொருளையும் விளக்கிப் பள்ளி உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மகளை அனுப்ப மனமில்லையெனில் தலைமை ஆசிரியைக்கு எழுதித் தெரிவியுங்கள். மனமுவந்து அனுப்புவதானால், அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்பு விவிலியத்திலுள்ள ரூத்தின் கதையை அவளுக்குப் படித்துக்காட்டுங்கள். நான்கே அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.