பெங்களூரா, கோவையா? கோவில்பட்டி அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) முடிக்கும்போதே மகள் கையில் இரண்டு வேலை இருப்பது சந்தோஷம். பெங்களூரில் ஆண்டுக்கு 5.5 லட்சம், கோவையில் 4 லட்சம். சொந்தக்காரர்கள் பெங்களூர் என்கிறார்கள். அங்கே செலவு தாங்குமா, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்பது உங்கள் கவலை. என்னைக் கேட்டால் முதலில் கோவைக்குப் போகட்டும். ஆனால் தூரத்துக்காக அல்ல. கோவில்பட்டியிலிருந்து இரண்டு ஊருக்குமே ராத்திரி ரயில் இருக்கிறது.

முதலில் பணம். நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர்களின் கடைசிப் பக்க அட்டவணையைப் பாருங்கள். பெங்களூர்க் கம்பெனியின் 5.5 லட்சத்தில் 60,000 ரூபாய் ‘வேரியபிள்’. ஆண்டு முடிந்த பிறகு வரும், குறைந்தும் வரலாம். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதே தொகைக்குள் அடக்கம். மகளின் பி.எஃப். பங்கும் கழிந்தால் மாதம் 35,000-ஐ ஒட்டித்தான் கைக்கு வரும். கோவையில் வேரியபிள் இல்லை; 29,000-க்குப் பக்கம் வரும். ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்றால் மாதம் 12,500 என்று தோன்றும். கையில் நிற்பது 6,000தான். பெங்களூரில் ஹாஸ்டல் வாடகை, ஆபீஸ் போய்வரும் செலவு என்று அதுவும் கரைந்துவிடும். தனி வீடு பார்த்தால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கல்விக் கடனையும் மறக்காதீர்கள்: தவணை தொடங்க அவகாசம் இருந்தாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இருந்தாலும் பணத்தை வைத்து நான் கோவை என்று சொல்லவில்லை. பெங்களூர் வேலை ஷிஃப்ட் முறையில் சப்போர்ட், அதாவது வாடிக்கையாளர்களுக்கு வரும் கோளாறுகளைக் கவனிப்பது. கோவையில் எம்பெடட் டீம்: கருவிகளுக்குள் இருக்கும் சின்ன சிப்புகளுக்கு ப்ரோகிராம் எழுதும் வேலை. மகளின் கடைசி வருட ப்ராஜெக்டே அந்த மாதிரி சிப்பான மைக்ரோகன்ட்ரோலரில்தானே? முதல் இரண்டு வருடம் சப்போர்ட்டில் போய்விட்டால் அதிலிருந்து இந்தப் பக்கம் திரும்புவது ரொம்பக் கஷ்டம். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் ‘என்ன செய்தாய்?’ என்றுதான் கேட்பார்கள்.

பெங்களூரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே அங்கே வந்தது. சிப், எம்பெடட் துறையில் இன்று பெரிய பெயர்கள் பலவும் அங்கே இருக்கின்றன. ஒரு கம்பெனி சரியில்லையென்றால் தங்கும் அறையைக்கூட மாற்றாமல் இன்னொன்றில் சேர்ந்துவிடலாம். கோவையில் பாஷ் மாதிரி கம்பெனிகள் இருந்தாலும், மகளின் துறையில் எண்ணிக்கை குறைவு. அதனால் கோவையை இரண்டு மூன்று வருடத்துக்கு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை, வீடு என்று அவளை அங்கேயே கட்டிப்போட வேண்டாம். கையில் வேலை தெரிந்த பிறகு போனால், பெங்களூர் சம்பளமே வேறு மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் என் யோசனையை மாற்றும். பெங்களூர் எச்.ஆருக்கு மகளை ஒரு மெயில் போடச் சொல்லுங்கள்: எம்பெடட் டீமில் இடம் கிடைக்குமா என்று. ‘கிடைக்கும்’ என்று எழுத்தில் வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். செலவை அவள் சமாளித்துக்கொள்வாள். ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் கோவையேதான்.

கோவை லெட்டரில் இரண்டு வருட பாண்ட் இருக்கிறது, அதாவது அதுவரை விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம்; காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது லெட்டரில் தெளிவாக இல்லை. கையெழுத்துப் போடும் முன் அதையும் மெயிலில் கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள்.